கழுதைப் பாட்டுக்கு ஒரு கசூ

போனில், பாட்டுக்கு இசை போடுகிற தம்பி, "அக்கா, குரல் எப்படி இருக்கு?" என்று கேட்டான். ஒரு நொடிகூட யோசிக்காமல் பொய் சொன்னேன். "கிண்ணுன்னு இருக்கு தம்பி. எப்ப வேணும்னாலும் கூப்பிடு, ஓடி வந்திருவேன்." போனை வைத்த பிறகுதான் பார்த்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து அப்போது எட்டு மாதம். கழுத்தில் கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தாயிற்று. அந்தக் கட்டிக்குப் பக்கத்தில்தான் குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம். அதற்குக் கொஞ்சம் அதிர்ச்சி, ஆறு மாதத்தில் திரும்பிவிடும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் கடைசியாகச் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பேசுவதற்கு ஒரு குறையும் இல்லை. கீழே பாடினால் ஒப்பேற்றிவிடுவேன். பஞ்சமம் தாண்டினால் போச்சு, குரல் நடுவில் கிழிந்து காற்று மட்டும் வரும். தினமும் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன பிறகு கதவை அடைத்துவிட்டு ஏறிப் பார்ப்பேன். ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டைச் சுற்றி அடிக்கிற காற்றில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று ஒரு தைரியம். தினமும் அதே இடத்தில் கிழியும். கதவைத் திறந்துவிட்டு மீன் கழுவப் போய்விடுவேன்.

நான் பாடாவிட்டால் எங்கள் வீட்டில் சோறு வேகாது என்றில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக நாகர்கோவிலில் எந்த ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவு நடந்தாலும், சர்ச் பாட்டானாலும் சரி, கோயில் கொடை விழாப் பாட்டானாலும் சரி, ஜவுளிக்கடை விளம்பரமானாலும் சரி, கோரஸுக்கு நான் உண்டு. எங்கள் பெயரெல்லாம் எங்கேயும் வராது. முகமும் யாருக்கும் தெரியாது. "மேல் சுருதிக்கு அந்த அக்காவச் சொல்லியாச்சா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அந்த ஒரு கேள்விதான் எனக்கு எல்லாம். வீட்டில் நான் இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய அம்மா. அந்த அறைக்குள் போனால் நான் நானாக இருப்பேன். அதை விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரு பதிவில் குரல் கிழிந்தது என்று தெரிந்தால் போதும், அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். பாவம், நோய்க்காரி என்று நாலு வார்த்தை இரக்கமாகப் பேசுவார்கள். அந்த இரக்கத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன்தான். சென்னையில் விளம்பரப் படங்களுக்கு இசை போடுகிறான். போன கோடையில் லீவுக்கு வந்தவன், சர்ச்சில் பிள்ளைகளுக்கு லீவில் நடத்துகிற வேதப் பள்ளிக்காக நாலு பாட்டு செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தான். கோரஸுக்கு ரெண்டே பேர். மேலே நான், கீழே என் கூட்டுக்காரி. அவள் நாகர்கோவில்காரி. இருபத்திரண்டு வருடமும் ஒரே மைக்குக்கு முன்னால் என் தோளை இடித்துக்கொண்டு நின்றவள். ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்கு இட்லி பிய்த்து ஊட்டினவளும் அவள்தான். அவளிடமும் நான் சொல்லவில்லை.

பதிவன்று காலை பஸ்ஸில் வாயைத் திறக்கவே இல்லை. இருக்கிற குரலையாவது மிச்சம் பிடிக்கலாமே என்று கண்டக்டரிடம்கூடக் கையை ஆட்டித்தான் டிக்கெட் வாங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்தவள் நான் ஊமை என்றே நினைத்திருப்பாள். கோரஸ் மத்தியானத்துக்கு மேலேதான் என்று தம்பி சொல்லியிருந்தான். அதற்குள் எப்படியாவது கூட்டுக்காரியை மேலே பாட வைத்துவிட்டு நான் கீழே இறங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன சாக்கு சொல்வது? வழி முழுக்க யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்டுடியோ ஒரு வீட்டு மாடியில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக், அந்தப் பக்கம் மெஷின். ஒலிப்பதிவு செய்கிற அண்ணன்தான் முதலாளியும். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேரும் வந்திருந்தார்கள். கூட்டுக்காரி என்னைப் பார்த்ததும், "ஏட்டி, மெலிஞ்சு போனியே!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். "குரலு?" என்று கேட்டாள். "அதுக்கென்ன?" என்றேன், வெடுக்கென்று.

தம்பி பையிலிருந்து ஒரு தகரச் சாமானை எடுத்து மேசைமேல் வைத்தான். விரல் நீளம் இருக்கும். இரண்டு பக்கமும் திறந்த குழல், மேலே வட்டமாக ஒரு மூடி. மூடிக்குள் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு சவ்வு.

"இது கசூ," என்றான்.

"என்னதாக்கும் இது? திருவிழாக் கடைப் பீப்பியா?" என்று அண்ணன் சிரித்தார்.

தம்பிக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. "சிரிக்காதீங்க அண்ணே. நூறு வருசத்துக்கு முன்னாலயே அமெரிக்காவுல இத வச்சு இசைத்தட்டு போட்டிருக்கான். ட்ரம்பெட் வாங்க வழியில்லாதவன் ட்ரம்பெட் வாசிக்க வேண்டிய இடமெல்லாம் இதுலயே வாசிச்சான். இன்னைக்கும் பெரிய பெரிய ஆளுங்க ரெக்கார்டிங்ல இது கிடக்கு, படத்துக்குப் பின்னணி இசையில கிடக்கு. நமக்குத்தான் அது கசூன்னு தெரியாது. ஏதோ கொம்பு வாத்தியம்னு நினைச்சுக் கேட்டுட்டுப் போறோம்."

முதல் பாட்டு ஒரு கழுதையைப் பற்றியது. எசமான் திட்டுகிற ஒவ்வொரு வரிக்கும் கழுதை எதிர்ப்பேச்சு பேசும். அதற்கு வார்த்தை கிடையாது, மெட்டு மட்டும். அந்தப் பதிலைத்தான் கசூவில் வாசிக்க வேண்டும். "க்ளாரினெட் வாசிக்கிற ஒரு ஆளு உண்டு, வரச் சொல்லட்டா?" என்றார் அண்ணன்.

"அவரு ஊதுவாரு. இத ஊதப்படாது அண்ணே, ஊதினா வெறும் காத்துதான். வாயில வச்சுப் பாடணும். நம்ம குரல்தான் போய் அந்தச் சவ்வ அடிச்சு சத்தமா வருது. சுருதி சுத்தமா இருக்கணும்." அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "அக்கா பாடுவாங்க."

மத்தியானம் மாட்டுவோம் என்று பயந்துகொண்டு வந்தவளுக்குக் காலையிலேயே கழுத்தில் கத்தி. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போ சவம், வருவது வரட்டும் என்று அதை வாயில் வைத்தேன். மெதுவாக 'ஊ' என்று பிடித்தேன். தகரம் உதட்டில் கூசியது. ஒரு பெரிய வண்டு உறுமுகிற மாதிரி சத்தம். அப்படியே பஞ்சமம் வரை ஏறினேன். அதற்கு மேலே ஒரு ஸ்வரம் வைத்தேன். தொண்டைக்குள் கிழிகிறது எனக்குத் தெரிகிறது, ஆனால் வெளியே வந்தது அதே உறுமல்தான். கிழிசல் கேட்கவே இல்லை!

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டேனா என்று தெரியாது. சாக்கும் கிடைத்துவிட்டது. காலை முழுக்க இதை வாசித்துவிட்டு, "தம்பி, இது தொண்டைய ரொம்பப் பிடிக்குது, கோரஸுக்கு இவளே மேல பாடட்டும்" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "கொள்ளாம் தம்பி, நல்லா இருக்கு," என்றேன். "எத்தன பாட்டுல வேணும்னாலும் வாசிக்கேன்."

அந்த சந்தோஷம் அஞ்சு நிமிஷம் நிற்கவில்லை. பாடுகிறவர்கள் சுருதி கொஞ்சம் முன்பின் ஆனாலும் இப்போதெல்லாம் மெஷினில் இழுத்து நேராக்கிவிடுவார்கள். அண்ணன் அதில் கெட்டிக்காரர். கசூவை ஒரு தடவை பதிந்து இழுத்துப் பார்த்தார். அந்த உறுமலில் எது சுருதி, எது இரைச்சல் என்று மெஷினுக்குப் பிடிபடவில்லை. கன்னாபின்னா என்று என்னவோ வந்தது. "இது நம்மகிட்ட நடக்காது பிள்ளே," என்றார் அண்ணன். "நீ பாடுகதுதான் நிக்கும். பொறவு என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது."

மெட்டைக் கேட்டேன். கழுதை மூன்று தடவை பதில் சொல்கிறது. மூன்றாவது பதில் நேராக மேல் ஸட்ஜத்துக்கு ஏறி அங்கேயே நிற்கிறது. "தம்பி, சுருதிய ஒரு கட்டை குறைச்சுக்கிடலாமா?" என்றேன், சும்மா கேட்பது மாதிரி. "குறைச்சா கழுதைக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கும்க்கா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

ஏசியை அணைத்தார்கள், அதன் இரைச்சல் மைக்கில் விழும். மே மாத வெயில், நாலு பக்கமும் அடைத்த அறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் மட்டும் உள்ளே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று முகம். ட்ராக் ஓடியது. முதல் பதில் ஆயிற்று, இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதில் மேலே ஏறினேன். ஸட்ஜத்தைத் தொட்ட நொடியில் தொண்டை விட்டுவிட்டது. கசூ ஒரு விக்கு விக்கி, ரெண்டு துண்டாக 'ஹீ' என்று கத்தி 'ஹா' என்று விழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அடிபொளி!" ஹெட்போனில் தம்பியின் சத்தம் காதைக் கிழித்தது. "அக்கா, அப்படியே கழுதை! எப்படிக்கா செஞ்சிய?"

கண்ணைத் திறந்தால் கூட்டுக்காரி அங்கே குதித்துக் குதித்துக் கைதட்டுகிறாள். அண்ணன் மேசையில் தட்டிச் சிரிக்கிறார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி தலையை ஆட்டினேன். என் தொண்டை கிழிந்ததைத்தான் அவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது. கூடவே, ஏசப்பா, தப்பிச்சேன் என்றும் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில்.

"அதே மாதிரி இன்னொண்ணு அக்கா. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சா நல்ல கனமா கேட்கும்."

அதே மாதிரியா? நான் செய்திருந்தால்தானே அதே மாதிரி செய்வதற்கு! கிழிவது என் கையிலா இருக்கிறது? அடுத்த தடவை ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்வரம் முன்னாலேயே கிழிந்தது. "முந்திப் போச்சுக்கா." அதற்கடுத்த தடவை கிழிந்ததோடு சத்தமே நின்றுவிட்டது. "முதல்ல செஞ்சது நல்லா இருந்துல்லா, அத ஏன் மாத்துதிய?" நாலு, அஞ்சு, ஆறு. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம். கழுத்துத் தழும்பின் மேல் வேர்வை ஓடி எரிந்தது. கூட்டுக்காரி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு என் குரல் தெரியும், இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அவள் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழாவது முடிந்ததும், "ஒரு நிமிசம் தம்பி," என்று ஃப்ளாஸ்கைத் திறந்தேன். கொதிக்கக் கொதிக்க சீரக வெள்ளம், சீரகம் போட்ட வெந்நீர். பாடுகிற எல்லாரும் செய்கிற காரியம்தான், தொண்டை இறுகினால் சூடாக ரெண்டு வாய் குடிப்போம். நான் ரெண்டு இல்லை, கடகடவென்று அரை டம்ளர் குடித்தேன். வாயைக்கூடத் துடைக்கவில்லை. "ரெடி," என்று கசூவை வைத்தேன்.

ட்ராக் ஓடியது. முதல் பதில் சரியாக வந்தது. இரண்டாவதில் உறுமல் மெலிந்தது. பாதியில் அந்த வண்டுச் சத்தம் மொத்தமாக நின்று போனது. மிச்சம் இருந்தது வெறும் முனகல். என் முனகல். எட்டு மாதமாக அடைத்த கதவுக்குள் நான் மட்டும் கேட்ட குரல், நல்ல மைக் வழியாக, ஒவ்வொரு காற்றொழுக்கும் தெளிவாக, ஹெட்போனில் என் காதுக்குள்ளேயே கேட்டது. அப்படியென்றால் அவர்களுக்கும் கேட்கிறது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கசூவை எடுத்துவிட்டு, சத்தம் வரல்ல தம்பி என்று சொல்லியிருந்தால் அது வாத்தியத்தின் தப்பாகப் போயிருக்கும். ஆனால் கோரஸ்காரிகளுக்கு ஒரு முறை உண்டு. இசை போடுகிறவர் நிறுத்தச் சொல்லாமல் பாடுகிறவள் நிறுத்தக் கூடாது. தும்மல் வந்தாலும், புரை ஏறினாலும், சுருதி தப்பினாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், எதை வைப்பது எதை வெட்டுவது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்படியே பழகிப்போன உடம்பு. ட்ராக் ஓடியது, நான் பாடினேன். மூன்றாவது பதிலுக்கு ஏறினேன். மேல் ஸட்ஜத்தில் என் குரல் கிழிந்து, காற்றாகப் போய், எங்கேயோ கீழே விழுந்தது. பாட்டு முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

முதலில் பேசினது அண்ணன்தான். "மைக்குல ஏதோ கோளாறு. கம்பி இளகியிருக்கும்." உள்ளே வந்து குனிந்து வயரை மாற்றினார். பிறகு மைக்கையே கழற்றி வேறொன்றை மாட்டினார். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நேத்துகூட நல்லா இருந்துதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறுபது வயசு மனிதர் ஸ்டாண்டுக்கு அடியில் முழங்கால் போட்டுக் கிடக்கிறார், நான் ஒரு வார்த்தை சொல்லாமல் மரமாக நிற்கிறேன். அன்றைக்கு நான் செய்த காரியத்திலேயே கேவலமானது அதுதான். இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கும்.

தம்பி மைக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தான். "அண்ணே, மைக்க விடுங்க," என்றான். அப்புறம் மெதுவாக, "அக்கா, கசூவக் கீழ வச்சுட்டு அத சும்மா ஒரு தடவ பாடுங்க."

சளி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவன் ட்ராக்கை ஓட விட்டுவிட்டான். ஓடினால் நான் பாடுவேன். பாடினேன். ஸட்ஜத்துக்கு வரும் முன்னாலேயே அவனே நிறுத்தினான்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். "எவ்வளவு நாளா அக்கா?"

"ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து."

"போன்ல கேட்டேனே."

"பொய் சொன்னேன் தம்பி."

அவன் ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் அவனைத் தள்ளிக்கொண்டு கூட்டுக்காரி வந்துவிட்டாள். "ஏட்டி! எட்டு மாசமா? எட்டு மாசமா எனக்கிட்ட மறைச்சியா? நான் ஆருட்டி உனக்கு, ரோட்டுல போறவளா?"

"சொன்னா என்ன செய்திருப்ப? ஐயோ பாவம்னு இரக்கப்பட்டிருப்ப! எனக்கு ஒருத்தி இரக்கமும் வேண்டாம்!" என்று நானும் கத்தினேன். கத்தினதில் பாதி காற்றாகத்தான் போனது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபந்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தம்பி கசூவை வாங்கி மூடியைத் திருகித் திறந்தான். சவ்வு நனைந்து தொய்ந்து கிடந்தது. "சுடுவெள்ளம் குடிச்ச கையோட வாசிச்சியளா? ஈரம் பட்டா இது தளந்து போகும்க்கா, அப்புறம் உள்ள இருக்க குரல்தான் வெளிய வரும்." க்ளாரினெட் வாசிக்கிற ஆளாக இருந்தால் வாத்தியத்துக்கு என்ன ஆகும் என்று நினைத்திருப்பார். பாடுகிறவளுக்குத் தொண்டை ஒன்றுதான் ஞாபகம். அவன் பையில் வேறு சவ்வு வைத்திருந்தான், போட்டுக் கொடுத்தான். "கழுதைய முடிச்சிருவோம்க்கா. இனி ஒளிக்கதுக்கு ஒண்ணும் இல்லல்லா." கிழிகிற இடத்தில் கிழியட்டும் என்று பாடினேன். ரெண்டாவது தடவையிலேயே போதும் என்றான்.

மத்தியானம் கூட்டுக்காரி வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையும் மீன் குழம்பையும் நாலு பேரும் சாப்பிட்டோம். அவள் என் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்த தம்பி, "அக்கா, கோரஸுக்கு..." என்று ஆரம்பித்து இழுத்தான். அவனுக்கு மறுநாள் சென்னைக்கு ரயில். நாலு பாட்டுக்கும் கோரஸ் அன்றைக்கே முடிந்தாக வேண்டும். கீழே ஒருத்தி இருக்கிறாள், மேலே ஆள் வேண்டும். காலை முழுக்கக் கிழிந்ததில் எனக்குக் கீழே பாடவும் குரல் மிச்சமில்லை. அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழித்துறையில ஒரு பிள்ளை உண்டு," என்றேன். "சர்ச் கொயர்ல பாடுகா. ஒரு கல்யாணத்துக்கு என்கூட நின்னு பாடியிருக்கா. மேல நல்லா நிக்கும் அவளுக்கு."

"நம்பர் தாங்கக்கா, நான் பேசுகேன்."

"வேண்டாம். நானே பேசுகேன்."

வேறு யாராவது பேசினால் காரணம் சொல்வார்கள். என் கதையை அடுத்தவர் வாயால் அவள் கேட்க வேண்டாம். அங்கேயே, அவர்கள் மூன்று பேருக்கும் முன்னாலேயே போனை எடுத்தேன். ரெண்டு ரிங் போவதற்குள் எடுத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். மேல் சுருதி, நாலு பாட்டு, உடனே கிளம்பி மூணு மணிக்குள்ள வரணும். அவளுக்கு நம்ப முடியவில்லை. "அப்ப நீங்க அக்கா? நீங்க பாடல்லியா?"

தொண்டை சரியில்ல மக்கா, அடுத்த மாசம் சரியாயிரும். அதுதான் வாயில் வந்தது. எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது அது.

"இல்ல மக்கா," என்றேன். "நான் இனி பாட மாட்டேன்."

மூணு மணிக்குள்ள வந்து சேர எந்த பஸ்ஸப் பிடிக்கணும் அக்கா, எங்க இறங்கணும் என்று கேட்டாள். சொன்னேன்.